குரோஸ் என்றால் 144-ஆ, அருவருப்பா? டீச்சரிடம் கேளுங்கள்

வேலந்தாவளத்தில் ஃபேன்சி கடை வைத்திருப்பவர்: டீச்சர், பாவக்காயைத் தட்டில் வைத்தால் என் மகள் ‘குரோஸ்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் கடையில் ஒரு குரோஸ் என்றால் 144 பென்சில். ரெண்டும் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான் அண்ணா. லத்தீனில் ‘குரோசஸ்’ என்றால் தடித்தது. பிரெஞ்சுக்குப் போனதும் ‘பெரியது’ என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு டஜனை அவர்கள் ‘பெரிய டஜன்’ என்றார்கள். அதில் டஜன் உதிர்ந்துபோய் ‘பெரிய’ மட்டும் ஆங்கிலத்தில் தங்கியது. உங்கள் 144 அதுதான். மொத்தமாக வாங்கி விற்றவர்தான் ‘குரோசர்’. இன்று மளிகைக்காரருக்கு அந்தப் பெயர். மகள் சொல்லும் அர்த்தத்தைவிட உங்கள் கடை அர்த்தம் பல நூற்றாண்டு மூத்தது!

கொழிஞ்சாம்பாறை, பிளஸ் டூ மாணவன்: அப்புறம் அருவருப்பு எப்படி வந்தது டீச்சர்?

படிப்படியாகத்தான் தம்பி. தடித்தது என்பது முரடு ஆனது, பிறகு நயமில்லாதது, ஆபாசமானது என்று இறங்கியது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இளவரசன் உலகத்தைக் களை எடுக்காத தோட்டம் என்கிறான். அதில் மண்டிக் கிடப்பவற்றை இந்தச் சொல்லால்தான் குறிக்கிறான். அங்கே செழிப்பும் இருக்கிறது, வெறுப்பும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ‘உவ்வே’ என்ற இன்றைய பொருள் 1950களின் அமெரிக்க மாணவர் பேச்சில் வந்தது. கொச்சைதான், பரீட்சையில் எழுதாதே. ‘டிஸ்கஸ்டிங்’ என்று எழுது. அதற்குள் இருக்கும் ‘குஸ்டஸ்’ லத்தீனில் சுவை.

சித்தூரிலிருந்து ஒரு அம்மா: நம் ‘சீ’க்கு ஆங்கிலத்தில் இணை உண்டா?

உண்டு அக்கா, ‘ஃபை’. ஹாம்லெட்டின் அதே பேச்சில் அதுவும் வருகிறது. இன்று யாரும் அதைப் பேச்சில் சொல்வதில்லை. நம் ‘சீ’யோ நாமும் மலையாளிகளும் தினமும் சொல்வது.

அதே மாணவன்: ‘யக்’?

குமட்டும்போது தொண்டையில் வரும் சத்தம்தான் சொல்லாகிவிட்டது. வெறுப்பைக் காட்டும் சொல்லாக 1960களிலிருந்து அச்சில் பார்க்கலாம்.

பாலக்காட்டில் வேலை பார்ப்பவர்: சம்பளச் சீட்டில் வரும் குரோஸ்?

அதில் ‘முழுசு’ என்ற பொருள். பி.எஃப்., வரி எல்லாம் பிடிப்பதற்கு முன் உள்ள தொகை அது. பிடித்தம் போகக் கைக்கு வருவது நெட்.