தோட்டம், இயற்கை பற்றி மட்டுமே எழுதி ஒருவர் வாழ்ந்துவிட முடியுமா? தமிழர்களில் அப்படி யாராவது இருந்திருக்கிறார்களா?

முடியும். காட்டுயிர்களைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் வாழ்ந்து காட்டியிருக்கிறார். ஆனால் கேள்வியைப் பார்த்தால், மாடியில் பத்துத் தொட்டி வைத்து, ஃபேஸ்புக்கில் எழுதி, நாலு பேர் பாராட்டி, வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிற இடத்தில் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. நானும் அங்கே நின்றவள்தான், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி. 13 வயதிலேயே அப்பா போய்விட்டார். தாவரவியல் படித்தார், அப்புறம் சட்டம். 1942-இல் பெல்லாரிப் பக்கம் இருந்த சண்டூர் சமஸ்தானத்துக்குப் போய் வாத்தியார், நீதிபதி, ராஜாவின் செயலாளர் என்று கொடுத்த வேலையெல்லாம் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு எழுத்தும் புகைப்படமும்தான் பிழைப்பு. கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் தொடங்கிய இயற்கை பற்றிய பத்தியை, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று, 1996-இல் இறக்கும்வரை எழுதினார். 46 வருடம்!

'அவர் ஆங்கிலத்தில்தானே எழுதினார்' என்று யாராவது வருவீர்கள். தமிழிலும் எழுதியிருக்கிறார், சூழலியல் எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் தொகுத்துப் புத்தகமாகவே இருக்கிறது. 'காட்டைப் பற்றித்தானே, தோட்டம் எங்கே வந்தது' என்பீர்கள். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையையும் அணிலையும் எழுதியவர், அதனால் அவரை எங்கள் ஆள் என்றுதான் சொல்வேன்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு வார இதழில் மாடித்தோட்டம் பற்றி 14 வாரம் எழுதினேன். ஒரு வாரம் செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சி. அதற்காக மூன்று நாள் காலையில் ஸ்டூல் போட்டு, லென்ஸ் வைத்துக்கொண்டு செடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எறும்பு தண்டில் ஏறி வந்து பூச்சியின் முதுகை மீசையால் தட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் பூச்சியின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு வருகிறது, எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. அந்த இனிப்புக்காகத்தான் காவல். பூச்சியைத் தின்ன பொறிவண்டு வந்தால் விரட்டியடிக்கிறது. அதனால் முதலில் எறும்பின் வழியை மறியுங்கள், தண்டைச் சுற்றித் துணி கட்டி அதில் விளக்கெண்ணெய் தடவுங்கள், மருந்து அப்புறம் என்று எழுதி, கடைசியில் வேப்பெண்ணெய் அளவைக் கொடுத்திருந்தேன்.

இதழில் எறும்பு மொத்தமும் போய்விட்டது. 'இடம் இல்லை' என்றார்கள். மிஞ்சியது அளவு மட்டும், அதிலும் 5 மி.லி. என்று நான் எழுதியது 50 ஆகிவிட்டது.

சின்னமனூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க எழுதின மாதிரிதான் கலந்து அடிச்சேன். மிளகாய்ச் செடி அம்புட்டும் இலை கருகிப்போச்சு." நான் எழுதியது அது இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கீழே என் பெயரும் போட்டோவும் இருக்கிறதே. திருத்தம் போடச் சொல்லி நாலு தடவை போன் செய்தேன், போடவே இல்லை. 14 வாரத்தில் 6 வாரத்துக்குத்தான் பணம் வந்தது. அதைக்கூட விட்டுவிடுவேன், அந்த மிளகாய்ச் செடி இன்னும் மனதில் உறுத்துகிறது.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி மண்ணோடு கலக்கக் கடையில் விற்கிற தென்னைநார்க் கழிவுக் கட்டியில் பெரும்பாலும் உப்பு இருக்கும். மூன்று தண்ணீர் அலசாமல் நாற்று விட்டால் நுனி காய்ந்து செத்துவிடும். விற்கிற எவரும் அதைச் சொல்வதில்லை, 'உங்களுக்குக் கைராசி இல்லை' என்று நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். எத்தனை பேர் அதை நம்பித் தோட்டத்தையே விட்டிருப்பார்கள்!

உங்களுக்கு என் பதில்: எழுதுங்கள், வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நான் இன்றும் தினம் காலையில் நோட்டில் எழுதுகிறேன். பத்திரிகைக்குக் கொடுத்தால் அச்சுக்குப் போகுமுன் புரூஃப் கேட்டு வாங்குங்கள், தரமாட்டோம் என்றால் கொடுக்காதீர்கள்.

அந்த இதழை வெட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், 1 லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். தயவுசெய்து பேனாவை எடுத்து அந்த 50-ஐ அடித்துவிடுங்கள்.