‘நன்றி’ சொன்னதும் அவர் ஏன் போய்விட்டார்?

புவனோஸ் ஐரிஸில் மிலோங்காவுக்கு, அதாவது டாங்கோ நடனக் கூடலுக்குப் போய், முதல் பாட்டு முடிந்ததும் மரியாதைக்காக ‘கிராசியாஸ்’ (நன்றி) என்றீர்கள். உடன் ஆடிய பெண்மணி முகம் சுருங்கி இருக்கைக்குத் திரும்பிவிட்டார். தவறு சொல்லில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. டாங்கோவில் மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு தாண்டா. நடுவில் நன்றி சொன்னால், ‘உங்களோடு ஆடியது போதும்’ என்று பொருள். (நானும் இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன்தான்.) தாண்டா முடிந்ததும் ஆட்டத்துக்குச் சேராத ஒரு துண்டு இசை ஒலிக்கும். நன்றியை அதுவரை வைத்திருங்கள்; பிறகு அவரை இருக்கை வரை கொண்டுபோய் விடுங்கள்.

மறுபடி அவரைக் கண்டால் நேரே போய்க் கை நீட்டாதீர்கள். தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசையுங்கள். பார்வையைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். தலையசைத்தால், ஆடும் முன் விஷயத்தைச் சொல்லுங்கள், சிரித்துவிடுவார்.