அமிலத்தேக்கம் உள்ளவருக்குப் பிசிஓ2 (ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு) 26 என்றால் இரண்டாவது கோளாறா?

இல்லை. பிஎச் (ரத்தத்தின் அமில-கார அளவு) 7.28, பைகார்பனேட் (அமிலத்தைச் சமன்செய்யும் உப்பு) 12, பிசிஓ2 26 என்று நீங்கள் காட்டிய நோயாளியின் ரிப்போர்ட்டில் தனியாக சுவாச ஆல்கலோசிஸ் (அதிகம் மூச்சுவிட்டு ரத்தம் காரமாவது) கிடையாது. வளர்சிதைமாற்ற அமிலத்தேக்கத்தை (உடலில் அமிலம் சேர்ந்து பைகார்பனேட் குறைவதை) நுரையீரல் கார்பன் டை ஆக்சைடைக் கூடுதலாக வெளியேற்றி ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான்.

பிசிஓ2-வை வழக்கமான அளவான 40 உடன் ஒப்பிட்டதால் குழப்பம் வந்திருக்கும். பைகார்பனேட் இறங்கினால் ஒப்பிட வேண்டிய எண்ணே மாறிவிடும்: 1.5 × 12 + 8 = 26. இதில் 2 கூடலாம், குறையலாம். ரிப்போர்ட்டில் உள்ள எண் அப்படியே பொருந்துகிறது. 20 என்று வந்திருந்தால் நீங்கள் சந்தேகப்பட்டது சரி.

அடுத்து அயனி இடைவெளி (வழக்கமாக அளக்காத அமிலங்கள் சேர்ந்திருக்கிறதா என்று காட்டும் எண்) போடுங்கள்: சோடியம் 138 − குளோரைடு 98 − பைகார்பனேட் 12 = 28. மிக அதிகம். அமிலத்தைக் கூட்டக்கூடிய கீட்டோன், லாக்டேட் இரண்டையும் பாருங்கள்.

மேலே போட்ட பிசிஓ2 கணக்கு வளர்சிதைமாற்ற அமிலத்தேக்கத்துக்கு மட்டும்தான். இதே நோயாளிக்குப் பிசிஓ2 40 ஆக ஏறினால் தயவுசெய்து 'நார்மல்' என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுத் தசைகள் களைத்துப்போயிருக்கலாம், பிஎச் 7.10-க்கு விழுந்துவிடும்.