காம்பு வலித்தால் முதலில் குழந்தையின் வாயைப் பாருங்கள்

கேள்வி: குழந்தை பிறந்து எட்டு நாள் ஆகிறது. பால் கொடுக்கும்போது உயிர் போகிற மாதிரி வலி, காம்பும் வெடித்துவிட்டது. முக்கால் மணி நேரம் குடித்துவிட்டும் அழுகிறான். எனக்குப் பால் போதவில்லையா?

பதில்: வலியும் அவன் அழுகையும் பெரும்பாலும் ஒரே கோளாறால் வருபவை. அவன் வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். நுனி சாய்வாகச் சீவியது போலச் சப்பையாக இருந்தால், காம்பை மட்டும் கவ்விக் குடிக்கிறான் என்று அர்த்தம். அது அண்ணத்தில் நசுங்குவதால் உங்களுக்கு வலி. பால் சரியாக இறங்காததால் அவனுக்குப் பசி.

அவன் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கட்டும். காது, தோள், இடுப்பு ஒரே நேர்க்கோட்டில், மூக்கு காம்புக்கு நேராக. காம்பால் மேலுதட்டை வருடுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறக்கும்; அந்த நொடியில் அவனை மார்போடு அணையுங்கள். நீங்கள் குனிந்தால் முதுகும் வலிக்கும், பிடியும் நழுவும். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, கருவட்டம் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் தெரிந்தால் பிடி சரி. முதல் சில நொடிகள் சுருக்கென்றிருக்கலாம். அதற்கு மேலும் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி வையுங்கள். நாலைந்து முறை ஆனாலும் பரவாயில்லை.

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து அளக்க முடியாது. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்ப வேண்டும். இரவையும் சேர்த்து நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுங்கள். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஒரு மார்பு சிவந்து கட்டியாகிக் காய்ச்சலடிக்கிறது. பால் கொடுப்பதை நிறுத்தட்டுமா?

பதில்: வேண்டாம். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. திடீரென நிறுத்தினால்தான் இன்னும் கட்டிக்கொள்ளும். கட்டியை அழுத்தித் தேய்க்காதீர்கள், வீக்கம் ஏறும். குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். பாலூட்டுவதைச் சொல்லி மருந்து வாங்குங்கள்.

கேள்வி: வேலைக்குத் திரும்புகிறேன். எடுத்து வைத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: 25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு மாறும். உள்ளே பின்பக்கம் வையுங்கள். 60 முதல் 120 மி.லி. வரை சிறு சிறு அளவாகப் பிரித்து, தேதி எழுதுங்கள். வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடாக்கலாம். மைக்ரோவேவ் கூடாது, ஆங்காங்கே கொதித்து வாய் வெந்துவிடும். குடித்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிடுங்கள். மேலே ஆடை போலத் திரண்டிருப்பது கொழுப்புதான், கெட்டுப்போனதல்ல. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.