ஆய்வில் இல்லாத நோயாளிக்கு அந்த மருந்து பொருந்துமா? வாசகர் கேள்வி-பதில்

டொக்டர், என் தாயாருக்கு 78 வயது. பிரஷரும் சலரோகமும் உண்டு. கிளினிக்கில் தரும் குளிசைகளுக்கான ஆய்வுகள் இவரைப் போன்றவர்களிடமா நடந்தன? (களுவாஞ்சிக்குடி)

பாதிக்குத்தான் ஆம் என்பேன். பிரஷரின் மேல் எண்ணை 120க்குக் கீழே இறக்கினால் இருதய நோய்களும் மரணங்களும் குறையும் என்று 2015 இல் காட்டிய அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர் இருந்தனர். 75 வயதைத் தாண்டியவர்களும் அதில் அடக்கம், ஆனால் சலரோகக்காரரும் முன்னர் பாரிசவாதம் வந்தவர்களும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருந்தார்கள். தெரிவு இறுக்கமாக இருந்தால் வித்தியாசத்துக்கு மருந்தே காரணம் என்று துணிந்து சொல்லலாம், ஆனால் அந்த முடிவு யாருக்குச் செல்லும் என்பது சுருங்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஆய்வில் ஐந்து நிமிடம் அமைதியாக இருத்திய பின்னரே தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். விடியற்காலை பஸ் பிடித்து வந்து, வாங்கில் நெருக்கியடித்துக் காத்திருந்த தாயாரின் கையில் ஒரே தடவை அளக்கும் எண்ணும் அந்த 120உம் ஒன்றல்ல. இதற்காகக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். எழும்பும்போது தலைசுற்றுகிறதா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கிளினிக் கொப்பிகளைக் கணினியில் சேர்த்தால், பரிசோதனையே இல்லாமல் முடிவு காண முடியாதா? (அக்கரைப்பற்று)

ஓரளவு முடியும். ஆனால் மாதவிடாய் நின்ற பின் ஹோர்மோன் எடுத்த பெண்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று பதிவுகள் சொல்லிவந்தபோது, 2002 இல் எழுமாற்றுப் பரிசோதனை, அதாவது யாருக்கு மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கல் போலத் தீர்மானிக்கும் ஆய்வு, அதற்கு நேர்மாறாகக் காட்டியது. ஹோர்மோன் எடுத்தவர்கள் ஏற்கெனவே வசதியும் உடல்நலமும் கூடியவர்களாக இருந்தது அதற்கு ஒரு காரணம். இப்போது, நடத்த விரும்பும் பரிசோதனையை முதலில் தாளில் வரைந்து, யாரைச் சேர்ப்பது, எந்நாளிலிருந்து கணக்கிடுவது என்று தீர்மானித்த பின்னரே பதிவுகளைத் திறக்கும் முறை வந்திருக்கிறது. அது பல பிழைகளைத் தடுக்கும். ஆனாலும் ஒருவருக்கு ஏன் இந்த மருந்தைக் கொடுத்தார் என்று வைத்தியர் கொப்பியில் எழுதாதிருந்தால் கணினி அதை ஊகித்துவிடாது. நம் கொப்பிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சீட்டுக் குலுக்கலையும் விடாமல் சாதாரண நோயாளியையும் சேர்க்க வழி உண்டா? (வாழைச்சேனை)

உண்டு. 2020 மார்ச்சில் பிரித்தானியா தன் வழமையான வார்டுகளிலேயே தொடங்கிய ரிகவரி ஆய்வு, மலிவான டெக்சாமெதசோன் செயற்கைச் சுவாசத்திலிருந்த கொவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றிலொரு பங்கு குறைப்பதை ஜூன் மாதத்துக்குள் கண்டுபிடித்தது. ஆட்களுக்குப் பதிலாக ஊர்களையே குலுக்குவதும் உண்டு: இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமப்புறங்களில் 30 சமூகங்களைச் சேர்ந்த 2,645 பேரிடம் நடந்த ஆய்வில், சுகாதார ஊழியர் வீடு தேடிச் சென்ற ஊர்களில் பிரஷரின் மேல் எண் மற்ற ஊர்களைவிடச் சராசரியாக 5 கூடுதலாகக் குறைந்தது.

ஒரே நோயாளியிடம் ஆய்வு செய்யலாமா? (சம்மாந்துறை)

மூட்டுவலி போன்ற நாட்பட்ட நோய்க்குச் செய்யலாம். மருந்தும் வெற்றுக் குளிசையும் நோயாளிக்குத் தெரியாத வரிசையில் மாறிமாறிக் கொடுக்கப்படும். தானாகவே ஆறிவிடும் காய்ச்சலுக்கு இது சரிவராது.