கடல் பழக்கம்தான், ஆனால் அந்தக் கடல் வேறு

கேள்வி: உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து தோழிகள், ஆகஸ்டில் அறுகம்பே போய் சர்ஃபிங் பழக ஆசைப்படுகிறோம். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. ‘பெட்டைப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை’ என்று அம்மா மறிக்கிறார். திருகோணமலையில் பிறந்த எங்களுக்குக் கடல் பழக்கம்தானே?

பதில்: தங்கச்சி, போங்கள். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் நம் உப்புவெளியும் நிலாவெளியும் குளம்போல் கிடக்கும். அறுகம்பேயில் அலை எழும்புவதும் அதே மாதங்களில்தான். இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் அப்போது குளிர்காலம். அங்கே புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து, நம் தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள முனைகளைச் சுற்றி வளைந்து, வரிசையாக உடைகின்றன. நம் பக்கம் அவை வராமல் தீவே மறித்துக்கொள்கிறது. நம் கடல் சீறுவது வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில். அப்போது நீங்கள் யாரும் இறங்கியிருக்க மாட்டீர்கள்.

அதனால் நீச்சல் தெரியாத இருவரும் இப்போதே பழகத் தொடங்கட்டும். அமைதியான கடல் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். ஆகஸ்டுக்குள் பழக முடியாவிட்டால் அந்த இருவரும் அங்கே கரையில் இருப்பதுதான் சரி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அங்கே போனதும் எல்லோரும் ‘மெயின் பொயின்ட்’ என்பார்கள். பார்க்கப் போங்கள், இறங்க வேண்டாம். அடியில் பாறையும் முருகைக்கல்லும், தண்ணீரும் ஆழமில்லை. குடாவின் உள்ளே ‘பேபி பொயின்ட்’ இருக்கிறது: மணல் தரை, சின்ன அலை. ஒரு பயிற்றுநரை வைத்துக்கொண்டு, உடைந்து நுரையாக வரும் அலையில் எழுந்து நிற்கப் பழகுங்கள். காற்று ஏறும் முன், காலையிலேயே இறங்குவது நல்லது. விழும்போது தலைகீழாகப் பாயாமல், கைகளால் தலையை மூடிக்கொண்டு தட்டையாக விழுங்கள். நீரோட்டம் வெளியே இழுத்தால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். பலகையை விடாமல், கரைக்குச் சமாந்தரமாக நகருங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃபிங் கழகம் 2018இல் தொடங்கியது அதே அறுகம்பேயில்தான். அங்கே அலை ஏறும் பெண்களில் பிள்ளை பெற்ற தாய்மாரும் இருக்கிறார்கள். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையுமாக இறங்கலாம். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

அப்புறம், அறுகம்பேக் கரையில் இருக்கும் உல்லை, மீனவர்களின் ஊர், பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். 2004 சுனாமி அடித்து நொறுக்கிய பிறகு அந்தச் சனம் திரும்ப எழுப்பிய ஊர் அது. வெளிநாட்டுக்காரர் எப்படி உடுத்தித் திரிந்தாலும் சரி, நீங்கள் தெருவுக்குள் ஈர உடுப்போடு நடக்காதீர்கள். படகு ஏறி இறங்கும் இடத்தில் பலகையைப் போடாதீர்கள், காயும் வலையை மிதிக்காதீர்கள். வலை இழுப்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நம்மூர்க் கரைவலைக்காரரிடம் காட்டும் மரியாதை போதும்.

அறுகம்பேக்குப் பக்கத்து ஊரான பொத்துவிலுக்கு ரயில் கிடையாது. மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய், கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில், அங்கிருந்து ஓட்டோ. ஒரு பகல் முழுக்கப் போய்விடும், விடியவே புறப்படுங்கள்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன? பாணமை தாண்டினால் உகந்தை முருகன். கதிர்காமப் பாத யாத்திரைக்காரர் காட்டுக்குள் இறங்கும் முன் தங்கும் கோயில் என்று அவருக்கே தெரிந்திருக்கும். அந்த வீதியில் யானை நடமாட்டம் உண்டு. தரிசனம் முடித்து, இருட்டும் முன்னே அறைக்குத் திரும்பிவிடுங்கள்.