வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: சிறுகல நுரையீரல் புற்றுநோய்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. நெடுநாள் பீடி குடித்தவர். காசநோய் என்று நினைத்து சளி பார்த்தோம், இல்லை. பிறகு தசை எடுத்துப் பார்த்ததில் சிறுகலப் புற்றுநோய், ஒரு பக்க நெஞ்சோடு நிற்கிறது என்றார்கள். ஒபரேஷன் இல்லையாம். கைவிட்டுவிட்டார்கள் என்று அம்மா அழுகிறா.
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: யாரும் கைவிடவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய் கண்ணுக்குத் தெரியும் முன்பே இரத்தத்தில் கலந்து பரவத் தொடங்கிவிடும். கட்டியை வெட்டி எடுத்தாலும் பரவியது மிஞ்சும். நிணநீர்க் கணுக்களைத் தொடாத மிகச் சிறிய கட்டிக்கு மட்டுமே சத்திரசிகிச்சை, அது அரிது. வேகமாகப் பெருகும் கலங்கள் என்பதால் மருந்துக்கும் கதிருக்கும் வேகமாகவே அழியும். அப்பாவின் கட்டத்தில் நோக்கம் குணமாக்குவதுதான். எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை, ஆனாலும் முயலவேண்டிய கட்டம் இது.

கீமோ மருந்துகளில் சிஸ்பிளாட்டின் முதல் நாள், எட்டோபோசைட் 3 நாளும் ஏற்றுவார்கள். 21 நாளுக்கு ஒரு சுற்று, வழமையாக 4 சுற்று. நெஞ்சுக்கான கதிர்ச் சிகிச்சை முதலாம் அல்லது இரண்டாம் சுற்றோடு தொடங்கவேண்டும். பிந்தினால் பலன் குறையும். நாளுக்கு இருமுறை, 6 மணித்தியால இடைவெளியில் கொடுத்தால் 3 வாரம். நாளுக்கு ஒருமுறை என்றால் 6, 7 வாரம். ஒட்டுசுட்டானில் இருந்து தெல்லிப்பழை அல்லது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தினமும் போய்வர முடியாது. தங்குமிடத்தை முதல் கிளினிக்கிலேயே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். இடையில் நாட்கள் விடுபடுவது கட்டி மீண்டும் வளர இடம் கொடுக்கும்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் அதிகம் என்பதால், அப்பாவுக்கோ குடும்பத்திலோ அது இருந்தால் மறைக்காதீர்கள், கார்போபிளாட்டினுக்கு மாற்றலாம். வீட்டில் கொடுக்கும் கசாயத்தையும் சொல்லுங்கள்.

மருந்து ஏற்றி 7 முதல் 14 நாள்வரை வெண்குருதிக் கலங்கள் மிகக் குறையும். அந்நாட்களில் வயல் சேற்றில் இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸைத் தொட்டால், நடுச்சாமம் என்றாலும் பனடோல் கொடுத்துக் காத்திராமல் பக்கத்து வைத்தியசாலைக்குப் போய், "கீமோ ஏற்றியவர்" என்பதை முதல் சொல்லாகச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றவேண்டும். இந்தச் சிகிச்சையில் தடுக்கக்கூடிய மரணங்கள் பல இப்படிக் காத்திருப்பதால்தான் நடக்கின்றன.

கதிர் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் விழுங்க எரியும். உறைப்பு வேண்டாம், ஆறிய கஞ்சி, முட்டை, தயிர் கொடுங்கள். பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் நிறுத்தியவர்களுக்குச் சிகிச்சையின் பலன் கூடுதல்.

கேள்வி: அண்ணாவுக்கும் இதே நோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. இம்யூனோதெரபி (உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) ஊசிக்காகக் காணியை ஈடு வைக்கலாமா?
– வாசகர், துணுக்காய்

பதில்: கீமோவை முதலில் தொடங்குங்கள், அது அரச வைத்தியசாலையில் இலவசம். கார்போபிளாட்டின், எட்டோபோசைட்டோடு அட்டெசோலிசுமாப் அல்லது டுர்வலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியைச் சேர்த்தால் ஆயுள் சராசரியாகப் பார்த்தால் இரண்டு, மூன்று மாதம் நீள்கிறது. சிலருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இல்லை. இந்த ஊசி 4 சுற்றோடு முடிவதும் இல்லை, நோய் அடங்கியிருக்கும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடரவேண்டும். நான் காணியை ஈடு வைக்கச் சொல்லமாட்டேன். மருந்து கிடைக்க வழியுண்டா என்று புற்றுநோய் வைத்தியரிடம் நேரே கேளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கும் இதே நோய். தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டுமாம். உடம்பில் எறிகணைத் (செல்) துண்டு இருக்கிறது.
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: துண்டு இருப்பதை ஸ்கான் எழுதும்போதே வைத்தியரிடமும், பிறகு ஸ்கான் அறையிலும் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பலத்த காந்தம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் அருகே இரும்புத் துண்டு அசைந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சாய மருந்து ஏற்றி சீ.ரி. ஸ்கான் எடுக்கலாம். இந்த நோய் மூளைக்கு அடிக்கடி பரவும் என்பதால் தலை ஸ்கானைத் தவிர்க்கவேண்டாம்.